விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில் குழாய்க் கசிவைப் பிடிப்பது எப்படி

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். தாமிரபரணித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாங்கி வீடுகளுக்கு விடுகிற ஊர். சென்சார் விற்க வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்கிற ஏதோ ஒரு நகரம். நள்ளிரவு தாண்டி ஊரே தூங்கும்போது ஓட்டத்தை அளந்தால், அதில் பெரும்பகுதி கசிவு. முறை சரியானதுதான். ஆனால் நம் ஊர்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிறோம். நள்ளிரவில் குழாயே காலியாகக் கிடக்கும். அங்கே மீட்டரை வைத்துவிட்டு என்ன பார்ப்பது?

அந்த முறையை நம் நிலைமைக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன். பேரூராட்சி, பெரிய ஊராட்சி, சொந்தத் தொட்டி உள்ள பெரிய குடியிருப்பு என்று யாருக்கும் இது பொருந்தும். செலவு குறைவாகத் தொடங்க வேண்டும் என்பதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 10 மீட்டர் அழுத்தத்தில் (10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அடியில் தரும் அழுத்தம்), அதாவது ஆபரேட்டர்கள் ‘ஒரு கிலோ பிரஷர்’ என்று சொல்வார்களே அந்த அளவில், 6 மில்லிமீட்டர் துளை ஒன்று மணிக்குச் சுமார் 850 லிட்டரை வெளியே விடும். எப்போதும் தண்ணீர் நிற்கிற குழாய் என்றால் ஒரு நாளைக்கு 20,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வழிகாட்டும் அளவு. அப்படியானால் அந்தத் துளை 150 பேரின் தண்ணீரைக் குடிக்கிறது. ரோட்டில் பீறிட்டு அடிக்கும் உடைப்பு பயமாகத் தெரியும், ஆனால் அரை மணி நேரத்தில் நாலு பேர் போன் செய்துவிடுவார்கள், அன்றைக்கே அடைத்துவிடுவோம். மண்ணுக்குள் சத்தமில்லாமல் போகிற 6 மில்லிமீட்டர் துளைக்கு யாரும் போன் செய்வதில்லை. அது மாதக்கணக்கில் ஓடும். கசிவு தொடங்கியதற்கும் அது நமக்குத் தெரிய வருவதற்கும் இடையில் போகிற நாட்களைக் குறைப்பதுதான் சென்சாரின் வேலை. எந்த இடத்தில் தோண்டுவது என்பதை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தொட்டியில் தொடங்குங்கள்

குழாயைத் தேடிப் போவதற்கு முன்னால் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். தண்ணீரின் உயரத்தைக் காட்டும் ஒரு நீர்மட்ட சென்சார் போதும். மேலே மாட்டுகிற அல்ட்ராசோனிக் வகையில், மூடிய தொட்டிக்குள் நீராவி படிந்து முகப்பில் துளி நிற்கும், அளவு குதிக்கும். தண்ணீருக்குள் தொங்கவிடும் அழுத்த வகை எங்களுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. மாட்டியதும் டேப் வைத்து அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5 லட்சம் லிட்டர் தொட்டி, உள்விட்டம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1,130 லிட்டர் போயிருக்கிறது. இரவு 11 மணிக்கு உள்ளே வருகிற வால்வு, வெளியே போகிற வால்வு இரண்டையும் மூடிவிட்டு, காலை 4 மணிக்கு மட்டத்தைப் பாருங்கள். 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மணிக்குச் சுமார் 900 லிட்டர் எங்கேயோ போகிறது. ஒன்று, தொட்டியின் அடித்தளம் அல்லது சுவர். இல்லாவிட்டால் வெளியே போகிற வால்வு முழுதாகப் பிடிக்கவில்லை. வால்வின் தண்டில் ஒரு இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், பிடிக்காத வால்வு சீறுவது கேட்கும்.

அதே மட்ட வரைபடத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கோடு உச்சியில் மட்டமாக நீண்டு கிடக்கிறது. தொட்டி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். வழிகிற குழாய் பின்பக்கச் சாக்கடையில் இறங்கினால் யார் கண்ணிலும் படாது. இதற்குத் தீர்வு ஆபரேட்டரைத் திட்டுவதல்ல. ஒரே ஆள் இரண்டு மூன்று தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார், எல்லா இடத்திலும் எப்படி நிற்பார்? தொட்டி நிரம்பியதும் பம்ப் தானாக நிற்கும்படி அந்த சென்சாரையே ஸ்டார்ட்டரோடு இணைத்துவிடுங்கள்.

ஒரு தொட்டிக்கு ஒரு எல்லை

அடுத்தது, இந்தத் தொட்டியின் தண்ணீர் இந்தத் தெருக்களுக்கு மட்டும்தான் போகிறது என்று உறுதி செய்வது. காகிதத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும். மண்ணுக்குள், முன்பு எப்போதோ பதித்த மூன்று அங்குல இரும்புக் குழாய் ஒன்று பக்கத்துத் தொட்டியின் லைனோடு சேர்ந்து கிடக்கும். அது வரைபடத்தில் இருக்காது, வால்வு திறக்கிறவருக்குத் தெரியும். அவரோடு தெருத்தெருவாக நடந்து குறித்துக்கொள்ளுங்கள். கசிவு வேலையில் நான் செய்த பயனுள்ள காரியங்களில் முதலிடம் இந்த நடைக்குத்தான்.

பிறகு சோதனை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லை வால்வுகள் எல்லாவற்றையும் மூடுங்கள். தொட்டியின் வெளியேறும் வால்வையும் மூடுங்கள். பகுதிக்குள் இருக்கும் அழுத்தமானி சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் 3 மீட்டரிலோ 4 மீட்டரிலோ நின்றால் வேறு எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்கும் வரைக்கும் மீட்டர் வாங்க வேண்டாம். அதற்கு முன்னால் எடுக்கிற எந்த அளவும் உங்களை ஏமாற்றும்.

மீட்டரும் கடைசி வீடும்

எல்லை சரியானதும் இரண்டே இரண்டு கருவிகளை வையுங்கள். தொட்டியின் வெளியேறும் குழாயில் ஒரு ஓட்டமானி, பகுதியின் கடைசியில் அல்லது மேடான இடத்தில் ஒரு அழுத்தப் பதிவுக் கருவி.

ஓட்டமானி மின்காந்த வகையாக இருக்கட்டும். விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் குழாயில் முதலில் காற்றுதான் வரும். சக்கரம் சுழலும் பழைய மீட்டர் அந்தக் காற்றுக்கும் சுற்றி, தண்ணீர் போனதாகக் கணக்குக் காட்டும். மின்காந்த மீட்டருக்குக் குழாய் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், அதனால் குழாயின் தாழ்வான இடத்தில் மாட்டுங்கள். காலிக் குழாயைக் கண்டுகொள்ளும் வசதி அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கும், பின்னால் 3 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் வேண்டும். இடம் இல்லை என்று முழங்கையை ஒட்டி மாட்டிவிட்டுப் போகிற ஒப்பந்ததாரர்கள் உண்டு. கூடவே நின்று பாருங்கள்.

அழுத்தக் கருவியை வாங்கும்போது 0 முதல் 10 பார் என்று எல்லோரும் கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள். நம் தெருக்களில் அழுத்தம் பெரும்பாலும் ஒரு பாருக்கு, அதாவது சுமார் 10 மீட்டருக்கு, கீழேதான். சின்ன அளவெல்லை உள்ளதாக, பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டுவதாகக் கேளுங்கள். தண்ணீரை நிறுத்தியதும் மேட்டுப் பகுதிக் குழாய்களில் அழுத்தம் எதிர்ப்பக்கம் போகும், குழாய் வெளியிலிருந்து உறிஞ்சும். கசிவுத் துளை பக்கத்துச் சாக்கடையை ஒட்டி இருந்தால் அந்தக் கழிவுதான் உள்ளே வரும். மறுநாள் முதல் குடத்தில் அதைப் பிடிக்கிற வீட்டில் குழந்தை இருக்கும். கசிவை நான் தண்ணீர் நட்டக் கணக்காக மட்டும் பார்க்காததற்கு இதுவே காரணம். அழுத்தக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போகிற தெருக்களைத் தனியாகக் குறித்து வைத்து அங்கேயே முதலில் வேலையைத் தொடங்குங்கள்.

பதிவு இடைவெளி ஓட்டத்துக்கு 15 நிமிடம், அழுத்தத்துக்கு 5 நிமிடம் போதும். நொடிக்கு நூறு முறை பதிகிற கருவிகளும் உண்டு, அழுத்த அலையைப் பிடிப்பதற்கானவை. தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டாம். தரவை ஒரு மணிக்கு ஒருமுறை அனுப்பினால் பேட்டரி நீடிக்கும். கருவி வைக்கும் குழியான சேம்பரின் மூடி வார்ப்பிரும்பாக இருந்தால் சிக்னல் வெளியே வராது, ஆன்டெனாவை மேலே கொண்டுவர வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் சேம்பர் முழுக்கத் தண்ணீர் நிற்கும், ஆகவே மூழ்கினாலும் தாங்குகிற ஐபி 68 தரம் இல்லாத எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

கடைசி வீட்டுக் கருவியிலிருந்து முதலில் ஒரே ஒரு எண்ணை எடுங்கள். வால்வைத் திறந்த எத்தனையாவது நிமிடத்தில் அங்கே அழுத்தம் ஏறுகிறது? எப்போதும் 35 நிமிடம் ஆகிற இடத்தில் 50 நிமிடம் ஆனால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. கடைத் தெருவின் கடைசி வீட்டு அக்காவுக்கு இது நம் கருவிக்கு முன்பே தெரியும். “மேடம், இன்னைக்கும் தண்ணி லேட்டாத்தான் வருது” என்று அவர் போனில் சொன்னால் அதைப் புகார் நோட்டில் எழுதி மூடிவிடாமல், தேதியோடும் நேரத்தோடும் அழுத்தக் கோட்டின் பக்கத்தில் குறியுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லும்.

தாமதம் என்றால் உடனே கசிவு என்று முடிவு செய்ய வேண்டாம். வால்வை ஆபரேட்டர் இரண்டு சுற்றுக் குறைவாகத் திறந்திருக்கலாம். அவரிடம் எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடுத்தெருவில் வீடுகள் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சலாம். மோட்டார் என்றால் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும், சம்ப் நிரம்பியதும் நின்றுவிடும். கசிவு ஒரே சீராகக் கடைசி வரை அழுத்தத்தைத் தின்னும்.

நீட்டித்த இரவு

இனிதான் முக்கியமான சோதனை. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக மாலையில் 4 மணி நேரம் தண்ணீர் விட்டு நிறுத்துவீர்கள் என்றால், அன்று மட்டும் நிறுத்தாமல் விடியும் வரை விடுங்கள். இதற்குத் தொட்டியில் முன்கூட்டியே தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும், வீடுகளுக்கும் தகவல் சொல்ல வேண்டும். சம்ப் நிரம்பியதும் குழாயை மூடிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மிதவை வால்வு இல்லாத சம்ப் இரவு முழுக்க வழிந்து உங்கள் கணக்கைக் கெடுக்கும்.

ஓட்டமானியின் கோடு இப்படிப் போகும். திறந்ததும் குழாயை நிரப்ப ஒரே பாய்ச்சல். பிறகு வீடுகள் பிடிக்கும் நேரம், உயரமாகவே நிற்கும். சம்புகள் நிரம்ப நிரம்பக் கோடு இறங்கி, இரவு 1 மணிக்கு மேல் ஓரிடத்தில் சமமாகப் படுத்துவிடும். ஒரு உதாரணம் எடுப்போம். 600 இணைப்புள்ள பகுதியில் கோடு மணிக்கு 14,000 லிட்டரில் படுக்கிறது. இருபது முப்பது வீட்டு மீட்டர்களை அந்த நேரத்தில் படித்ததில் வீட்டுக்கு மணிக்குச் சராசரியாக 3 லிட்டர் என்றால், மொத்தம் 1,800 லிட்டர் நியாயமான உபயோகம். மீதி 12,000 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகிறது.

இங்கே ஒரு திருத்தம் தேவை, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் யாரும் பிடிக்காததால் அழுத்தம் 12 மீட்டருக்கு ஏறியிருக்கும். வழக்கமான நேரத்தில் அதே இடத்தில் 5 மீட்டர்தான். பல வகைக் குழாய்கள் கலந்த வலையில் கசிவு ஏறக்குறைய அழுத்தத்தின் விகிதத்தில் கூடிக் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக வழக்கமான நாளில் கசிவு மணிக்கு 5,000 லிட்டர், 4 மணி நேரத்துக்கு 20,000 லிட்டர். அதே பகுதிக்கு 24 மணி நேரமும் முழு அழுத்தத்தில் தண்ணீர் கொடுத்தால் நாளுக்கு 2,88,000 லிட்டர் வரை போகும். நாள் முழுக்கத் தண்ணீர் தரும் திட்டம் உங்கள் ஊருக்கு வருகிறது என்றால், இந்த ஒரு இரவின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். கசிவை அடைக்காமல் நேரத்தை மட்டும் நீட்டினால் அணையே இருந்தாலும் போதாது.

கம்போடியாவின் நோம் பென் நகரத்தில் 1993-ல் தயாரித்த தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. போரில் நொறுங்கிய நகரம். அவர்கள் குழாய்களைப் புதுப்பித்து, பகுதி பகுதியாகப் பிரித்து அளந்து, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, பின்னாளில் அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0 வைத்திருக்கும் இலக்கு 20 சதவீதத்துக்குக் கீழே. எட்டக்கூடியதுதான்.

தெருவைப் பிடிப்பது

நீட்டித்த அதே இரவில், கோடு படுத்த பிறகு, ஒவ்வொரு கிளை வால்வாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒருவர் தொட்டியடியில் மீட்டரைப் பார்க்க வேண்டும், இரண்டு பேர் வால்வுகளில். பதிவு இடைவெளியை அன்றிரவு மட்டும் ஒரு நிமிடமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வால்வை மூடியதும் 14,000 லிட்டர் 9,000-க்கு இறங்கினால், அந்த ஒரு கிளையில் மணிக்கு 5,000 லிட்டர் போகிறது. மற்ற வால்வுகளில் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் குறைக்கும். எல்லா ஊரிலும் இப்படித்தான், கசிவு பரவலாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பெரும்பகுதி இரண்டு மூன்று தெருக்களில் குவிந்திருக்கும்.

தெரு தெரிந்த பிறகு காதுக்கு வேலை. எங்கள் ஃபிட்டர் அண்ணன் கேட்கும் கம்பியை ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் வைத்துக்கொண்டே போவார். அவர் தலையை அசைக்காமல் நின்றுவிட்டால் நாங்களும் பேச்சை நிறுத்திவிடுவோம். பிளாஸ்டிக் குழாய் சத்தத்தைத் தூரம் கொண்டுபோகாது, ஆகவே வீடு வீடாகக் கேட்பதைத் தவிர வழியில்லை. எங்கள் ஊரில் தோண்டிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தெருவின் முதன்மைக் குழாயான மெயினின் உடலில் இல்லை, வீட்டு இணைப்பு எடுக்கிற சேடிலிலும் ஃபெரூலிலும்தான்.

இரண்டு வால்வுகளில் ஒலி சென்சார் ஒட்டி இடத்தைக் கணக்கிடும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இரு பக்கமும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து அது கணக்கிடுகிறது. ஆனால் குழாய் எதனால் ஆனது என்பதைச் சரியாகக் கொடுக்க வேண்டும். வார்ப்பிரும்பில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,250 மீட்டர் வேகத்தில் போகும், பி.வி.சி.யில் சுமார் 450 மீட்டர்தான். வால்வுகளுக்கு இடையே 100 மீட்டர், நேர வித்தியாசம் 0.02 நொடி என்றால், சத்தம் முதலில் சேர்ந்த வால்விலிருந்து, இரும்புக்குக் கசிவு 37.5 மீட்டரில் விழும், பி.வி.சி.க்கு 45.5 மீட்டரில். 8 மீட்டர் தள்ளி புது சிமென்ட் ரோட்டைத் தோண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய இரும்புக் குழாயின் நடுவில் எப்போதோ உடைப்புக்குப் பி.வி.சி. துண்டு போட்டிருந்தால் கருவிக்கு அது தெரியாது. அதையும் பழைய ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். ஒலிப் பதிவுக் கருவிகளைத் தெருவிலேயே விட்டு வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவை நள்ளிரவு 2 மணி முதல் 4 மணி வரை கேட்கும்படி அமைக்கப்பட்டு வரும், அப்போது நம் குழாயில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் விடும் நேரத்தின் கடைசி அரை மணிக்கு மாற்றிவிடுங்கள்.

ஊருக்கு வெளியே வருகிற பெரிய மெயினில் இரு முனையிலும் மீட்டர் வைத்துக் கழித்துப் பார்ப்பார்கள். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் போகிற லைனில், அரை சதவீதத் துல்லியமுள்ள மீட்டர் ஒவ்வொன்றும் 50,000 லிட்டர் இப்படியோ அப்படியோ காட்டலாம். அதற்குக் குறைவான கசிவு இந்தக் கழித்தலில் தெரியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். குழாயில் சேரும் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு ஒழுகும் இடத்தில் தினமும் குடங்கள் வரிசையில் நின்றால், அதை அடைப்பதோடு அங்கே ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள். அந்த வரிசை அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போகவில்லை என்பதற்கான தகவல். அடைத்துவிட்டு மட்டும் போனால் மறுபடி உடையும்.

அடைத்த பிறகு

அடைத்ததும் எழுத வேண்டியவை: தேதி, இடம், குழாய் வகை, ஆழம், எது போனது என்பது, ஒரு போட்டோ. போனில் இருக்கும் இருப்பிடக் குறியீடும் சேர்ந்தால் போதும், ஒரு எக்செல் தாளில் எல்லாம் அடங்கிவிடும். ஒரே தெருவில் ஜாயிண்ட் திரும்பத் திரும்பப் போனால் ஒட்டுப்போடுவதை நிறுத்தி, குழாயை மாற்ற மதிப்பீடு போடுங்கள். அந்தத் தாளே உங்கள் நியாயம்.

வால்வு திறக்கும் வேகத்தையும் அழுத்தப் பதிவில் பார்க்கலாம். இரும்புக் குழாயில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சட்டென்று மாறினால் 100 மீட்டருக்கு மேல் அழுத்த அடி விழும், பி.வி.சி.யில் 40 மீட்டர் அளவில். பழைய ஜாயிண்டுகள் இப்படித்தான் விடுகின்றன. 5 நிமிடப் பதிவில் அந்த அடி தெரியாது, ஒரு வாரம் நொடிக்கு ஒரு பதிவு என்று வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். சரி, கருவி இல்லாவிட்டாலும் ஆபரேட்டரிடம் மெல்லத் திறந்து மெல்ல மூடச் சொல்வதற்குக் காசு தேவையில்லை.

வாங்கும் ஒப்பந்தத்தில் மூன்றை எழுதிவிடுங்கள். தரவு எக்செல்லில் திறக்கும் வடிவத்தில் நம் கைக்கு வர வேண்டும். சந்தா முடிந்தாலும் பழைய தரவு நம்மிடம் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றுவதும் ஆண்டுதோறும் மீட்டரைச் சோதிப்பதும் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி இருக்க வேண்டும். கருவி மாட்டி, அழகான திரையெல்லாம் வைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கடவுச்சொல் கூட இல்லாமல் நின்றுபோன இடத்தை நேரில் பார்த்திருக்கிறேன். அத்தனையும் மக்கள் வரிப்பணம்.

கடைசியாக, அடைத்த இரண்டு வாரத்துக்குள் அதே பகுதியில் அதே முறையில் நீட்டித்த இரவை மறுபடி வைத்து, கோடு எங்கே படுக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 14,000 என்பது 6,000 ஆகியிருந்தால் இனி அந்த 6,000-தான் நீங்கள் ஒப்பிட வேண்டிய அடிப்படை அளவு. கசிவு மறுபடி வளரும், புது ஜாயிண்டுகள் தளரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, கோடு 8,000-ஐத் தாண்டினால் மறுபடி வால்வுகளை மூடத் தொடங்குங்கள்.